பால் பிராண்ட்: வேலூரில் வலியைப் படித்த மருத்துவர்

பால் வில்சன் பிராண்ட் (17 ஜூலை 1914 – 8 ஜூலை 2003) தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளை அறுவை சிகிச்சை மூலம் மீண்டும் இயங்க வைத்த எலும்பியல் மருத்துவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியிலும் (சி.எம்.சி.) அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் 1946 முதல் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பணியாற்றினார். தொழுநோய் சதையைத் தின்பதில்லை, வலி உணர்வை அழிக்கிறது, உறுப்புகள் தேய்வது அதனால்தான் என்று நிறுவியது அவருடைய முதன்மையான மருத்துவப் பங்களிப்பு. அங்கிருந்து அவர் இன்னொரு முடிவுக்கும் போனார். வலி உடலுக்கு எதிரி அல்ல, அது ஒரு கொடை என்றார். வலி எங்கே புண்பட்டாலும் அது உணரப்படுவது மனத்தில்தான், அச்சமும் கோபமும் தனிமையும் அதைப் பெருக்குகின்றன என்றும் எழுதினார். முதல் கண்டுபிடிப்பு இன்று மருத்துவப் பாடம். இரண்டாவது கருத்து இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

கொல்லிமலைச் சிறுவன்

பிராண்ட் வளர்ந்தது கொல்லிமலையில். தந்தை ஜெஸ்ஸி பிராண்ட், தாய் எவலின் இருவரும் ஆங்கிலேய மிஷனரிகள். தந்தை மருத்துவப் பட்டம் பெற்றவர் அல்ல. வெப்ப மண்டல நோய்களுக்கான குறுகிய பயிற்சியுடன் வந்து, மலைமக்களுக்குப் பல் பிடுங்குவது, கட்டி கீறுவது, காலில் இறங்கிய நரம்புச் சிலந்திப் புழுவைக் குச்சியில் சுற்றி மெல்ல வெளியே இழுப்பது வரை எல்லாம் செய்தார். சிறுவன் பால் இவற்றைப் பக்கத்தில் நின்று பார்த்தான். அவன் மனத்தில் தங்கிய காட்சி வேறொன்று. தொழுநோயாளிகள் மூன்று பேர் வீட்டு வாசலுக்கு வந்தபோது, எப்போதும் வெறுங்கையால் புண்களைத் தொடும் தந்தை அன்று கையுறை அணிந்துகொண்டார். பிள்ளைகளைக் கிட்டே வரவிடவில்லை. அந்த அச்சம் தன்னிடம் நெடுநாள் இருந்ததாகப் பிற்காலத்தில் பிராண்ட் எழுதியிருக்கிறார்.

1923இல் ஒன்பது வயதில் படிப்பதற்காக இங்கிலாந்து அனுப்பப்பட்டான். 1929இல் தந்தை கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். மகன் அவரை மறுபடி பார்க்கவே இல்லை. தாய் எவலின் மலைகளை விட்டு இறங்க மறுத்து, முதுமையிலும் குதிரையில் ஊர் ஊராகச் சென்று பணியாற்றினார். 1974இல் தொண்ணூறைத் தாண்டிய வயதில் மறைந்த அவரை ‘பிராண்ட் பாட்டி’ என்ற பேரில் அறிந்தவர்கள் உண்டு.

பள்ளிக்குப் பிறகு பிராண்ட் மருத்துவம் படிக்க விரும்பவில்லை. புண்ணும் சீழும் இரத்தமும் போதும் என்றிருந்தது. சில ஆண்டுகள் கட்டட வேலை பழகினார். தச்சும் கொத்தும் கற்றுக்கொண்டார். பிற்பாடு தசைநாண்களை இடம் மாற்றித் தைத்த கைகளுக்கு இந்தத் தச்சுப் பயிற்சி வீண் போகவில்லை. மனம் மாறி இலண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் இலண்டன் மீது குண்டு விழுந்த காலம் அது. காயம்பட்ட கைகளையும் கால்களையும் இரவும் பகலும் சீர் செய்து அறுவை மருத்துவம் கற்றார். உடன் படித்த மார்கரெட் பெரியை 1943இல் மணந்தார். மார்கரெட் பின்னர் வேலூரில் தொழுநோயாளிகளின் கண் பாதிப்புகளில் பெரும் நிபுணரானார். கணவரின் புகழுக்குப் பின்னால் அவர் பெயர் மறைந்துபோனது நியாயமல்ல. கண்ணில் தூசி விழுந்தால்கூடத் தெரியாமல், இமைக்காமல் இருந்து பார்வை இழந்தவர்களை அவர் ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார். வலியின்மையின் விலை கையைவிடக் கண்ணில்தான் கொடியது.

செங்கல்பட்டில் ஒரு கைகுலுக்கல்

1946 இறுதியில் பிராண்ட் வேலூருக்கு வந்தார். அழைத்தவர் தொழுநோய் அறிஞர் ராபர்ட் காக்ரேன். அதற்கு மறு ஆண்டு காக்ரேன் அவரைச் செங்கல்பட்டிலிருந்த லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். நூற்றுக்கணக்கான நோயாளிகள், மடங்கிப்போன விரல்கள். இந்தக் கைகளை எந்த எலும்பியல் மருத்துவர் ஆராய்கிறார் என்று பிராண்ட் கேட்டார். ஒருவரும் இல்லை என்பதே பதில்.

ஒரு நோயாளியின் கையைத் தம் கையில் வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். மெலிந்து, பருந்தின் நகம்போல் வளைந்திருந்த கை அது. வலு இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பிடி இரும்பாக இருந்தது, நகம் அவர் கையில் பதிந்தது. பிராண்டுக்கு வலித்தது, நோயாளிக்கோ எதுவும் தெரியவில்லை. இரண்டு உண்மைகள் ஒரே பிடியில் கிடைத்தன. முன்கையின் தசைகள் உயிரோடு இருக்கின்றன, அவற்றில் ஒன்றை வேறிடத்துக்கு மாற்றினால் கை மீண்டும் திறக்கும். எவ்வளவு அழுத்துகிறோம் என்று அந்த மனிதருக்குத் தெரியாது என்பது இன்னொன்று.

எந்த நரம்பு எங்கே கெடுகிறது என்று பார்க்க, இறந்த ஒரு நோயாளியின் உடலில் நரம்புகள் முழுவதையும் ஓர் இரவில் திறந்து பார்த்தார்கள். முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களுக்கு அருகே நரம்புகள் வீங்கியிருந்தன. அவையெல்லாம் தோலுக்கு மிக அருகில் நரம்பு ஓடும் இடங்கள், ஆகவே உடலில் சற்றுக் குளிர்ந்த இடங்கள். தொழுநோய்க் கிருமி குளிர்ச்சியை விரும்புவது. விரல் மடங்குவதற்கும் உணர்வு போவதற்கும் காரணம் விரலில் இல்லை, பல அங்குலம் மேலே இருக்கிறது. தொலைவிலுள்ள முன்கைத் தசை ஏன் வலுவோடு இருந்தது என்பதும் இதனால் விளங்கியது.

1948 முதல் தசைநாண் மாற்று அறுவைகள் தொடங்கின. அந்நாளில் பொது மருத்துவமனைகளில் தொழுநோயாளிக்கு இடம் கிடையாது. வந்தால் மற்ற நோயாளிகள் ஓடிவிடுவார்கள் என்ற அச்சம் வேலூரிலும் இருந்தது. ஒரு சிறிய அறையில், கை ஆராய்ச்சிப் பிரிவு என்ற பொதுப் பெயரோடுதான் வேலை ஆரம்பித்தது. இயன்முறை மருத்துவர் ரூத் தாமஸ், பின்னாளில் கரிகிரியின் தூணாக விளங்கிய எர்னெஸ்ட் ஃப்ரிட்ஷி போன்றவர்கள் உடன் சேர்ந்தார்கள். 1955இல் கரிகிரியில் ஷிஃபெலின் தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனை தொடங்கியது; குடியாத்தம் வட்டத்தின் கிராமங்களில் வீடு வீடாக நோயைத் தேடும் திட்டமும் பின்னர் அங்கிருந்து நடந்தது.

கை திறந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. சிலர் மனத்தாங்கலோடு திரும்பி வந்தார்கள். வளைந்த கைக்குப் பிச்சை விழுந்தது. நேரான கைக்குப் பிச்சையும் இல்லை, வேலையும் இல்லை. 1950களின் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் மண் குடிசைகளோடு நவஜீவ நிலையம் உருவானதற்கு இதுதான் காரணம். அங்கே இளைஞர்கள் தச்சு வேலை பழகி மரப் பொம்மைகள் செய்தார்கள். கற்றுக்கொடுத்தவர்களில் பிராண்டும் ஒருவர்.

விரல்கள் எங்கே போகின்றன

தொழுநோயில் விரல் தானாக அழுகி விழும் என்பது அன்றைய நம்பிக்கை; மருத்துவர்களிடமும் இருந்தது. பிராண்ட் இதைச் சந்தேகிக்க வைத்த நிகழ்வுகள் சிறியவை. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டை அவரால் திறக்க முடியவில்லை. பத்து வயதுப் பையன் ஒருவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகினான். தரையில் இரத்தம் சொட்டியது. சாவி அவன் விரலை எலும்பு தெரியும்வரை வெட்டியிருந்தது; பையன் அதைக் கவனிக்கவே இல்லை. இன்னொரு முறை, கரி நெருப்பில் விழுந்த கிழங்கை ஒரு முதியவர் வெறுங்கையை விட்டு எடுத்துக் கொடுத்தார்.

நவஜீவ நிலைய இளைஞர்களோடு சேர்ந்து அவர் ஒரு துப்பறியும் வேலையைத் தொடங்கினார். தினமும் ஒவ்வொரு விரலையும் பார்ப்பது, புதுப் புண் இருந்தால் அது எப்போது, எதனால் வந்தது என்று கண்டுபிடிக்காமல் விடுவதில்லை என்பது விதி. சூடான பாத்திரத்தின் பிடி, கரடான சுத்தியல் கைப்பிடி என்று காரணங்கள் ஒவ்வொன்றாக அகப்பட்டன. ஒரு மர்மம் மட்டும் நீடித்தது. இரவு முழு விரலோடு படுத்தவர் காலையில் விரல் நுனி இல்லாமல் எழுந்தார். ஓர் இரவு கண்விழித்துக் காத்திருந்தபோது விடை கிடைத்தது: எலி. தூங்குபவரின் விரலை எலி கடிக்கிறது, அவர் விழிக்கவில்லை. அதற்குப் பிறகு நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட மருந்துகளோடு ஒரு பூனையும் சேர்ந்தது. இது வேடிக்கைபோலத் தோன்றினாலும் மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்பம். காரணங்களை நீக்கியபின் விரல்கள் குறுகுவது நின்றது. கெட்டுப்போன சதை என்று ஒன்று இல்லை. காவல் இல்லாத சதைதான் இருந்தது.

பாதத்தில் கதை இன்னும் நுட்பமானது. ஆணி குத்துவதைக் கண்ணால் பார்த்துத் தடுக்கலாம். ஆனால் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழும் மிதமான அழுத்தமும் திசுவைக் கெடுக்கும் என்று பிராண்ட் காட்டினார். நாம் நடக்கும்போது ஓரிடம் சூடானால் நம்மை அறியாமல் நடையை மாற்றிக்கொள்கிறோம். உணர்விழந்த கால் முதல் அடியையும் பத்தாயிரமாவது அடியையும் ஒரே மாதிரி வைக்கும். அதற்கு மருந்து செருப்புதான்.

இந்த இடத்தில் வேலூர்–ஆம்பூர் வட்டாரத்தின் தோல் தொழில் நினைவுக்கு வராமல் போகாது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை, மேல்விஷாரம் ஆகிய ஊர்களின் டேனரிகளும் ஷூ கம்பெனிகளும் அயல்நாட்டுக் கால்களுக்கு ஷூ செய்து அனுப்புகின்றன. அதே வட்டாரத்தில், கரிகிரியில், யாரும் விரும்பி வாங்காத ஒரு செருப்பு உருவானது. எம்.சி.ஆர். எனப்படும் நுண்துளை ரப்பரால் ஆன மெத்தென்ற உள்தளம், முள் ஏறாத கெட்டியான அடித்தளம், ஆணி அறவே கிடையாது. தையலும் பசையும்தான். ஆணி மேலே எழுந்து பாதத்தில் ஏறினால் சொல்ல ஆள் இல்லை அல்லவா? செருப்பு பலன் தந்தது. ஆனால் கருப்பு ரப்பர் பட்டையைப் பார்த்தே ‘இது அந்த ஆஸ்பத்திரிச் செருப்பு’ என்று ஊர் அடையாளம் கண்டுகொண்டது. பலர் வெறுங்காலோடு நடக்கத் துணிந்தார்கள், அந்தச் செருப்பைப் போடத் துணியவில்லை. பின்னாளில் சாதாரணச் செருப்பு போலவே தோன்றும் வடிவங்களைச் செய்ய வேண்டியிருந்தது.

பாதப் புண்ணுக்குக் கால் முழுவதும் ஒட்டிய மாவுக்கட்டுப் போட்டு, அழுத்தத்தைப் பரப்பி ஆற்றும் முறையை 1930களிலேயே இலங்கையில் அறுவை மருத்துவர் மில்ரோய் பால் கையாண்டிருந்தார். அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பரப்பியவர் பிராண்ட். இன்று உலகெங்கும் சர்க்கரை நோயாளிகளின் பாதப் புண்ணுக்கு அந்தக் கட்டு போடப்படுகிறது. தொழுநோய் குறைந்து சர்க்கரை நோய் பெருகிய தமிழ்நாட்டில், கரிகிரியில் கற்ற பாடம் இப்போதுதான் அதிகம் தேவைப்படுகிறது. இரவில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார், வெறுங்காலோடு நடக்காதே என்று சர்க்கரை நோயாளிக்குச் சொல்லப்படும் அறிவுரைகள் தொழுநோயாளிகளின் குடிசைகளில் பிறந்தவை.

செயற்கை வலி

1960இல் ஆல்பர்ட் லாஸ்கர் விருதும் 1961இல் பிரிட்டனின் சி.பி.இ. பட்டமும் பெற்ற பிராண்ட், 1966இல் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தேசியத் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்று மறுவாழ்வுப் பிரிவின் தலைவரானார். தொழுநோய்க்கு முதன்முதலில் சல்ஃபோன் மருந்து கொடுத்துப் பார்க்கப்பட்ட இடம் அது, ஆண்டு 1941.

அங்கே அவர் செய்த ஒரு முயற்சி தோல்வியில் முடிந்தது. அவருடைய கருத்துகளை உருவாக்கியதில் அந்தத் தோல்விக்கே பெரும் பங்கு. வலி போனதுதான் சிக்கல் என்றால், வலியைச் செயற்கையாக உண்டாக்க முடியாதா? அழுத்தத்தை அளக்கும் உணரிகளைக் கையுறையிலும் காலுறையிலும் பொருத்தினார்கள். அழுத்தம் மிகுந்தால் காதில் ஒலி கேட்கும். நோயாளிகள் ஒலியைப் பொருட்படுத்தவில்லை. விளக்கு எரியவைத்துப் பார்த்தார்கள், அதையும் பொருட்படுத்தவில்லை. கடைசியில், உணர்வு எஞ்சியிருந்த அக்குளில் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். இது வேலை செய்தது. ஆனால் கையில் இறுக்கமான வேலை வந்தால் நோயாளி கருவியை அணைத்துவிட்டு, வேலையை முடித்தபின் மீண்டும் போட்டுக்கொண்டார். அறிவுள்ள, தம் கையைக் காப்பாற்ற விரும்பிய மனிதர்களே இப்படிச் செய்தார்கள்.

வலி பயன் தருவதற்கு அது நம் கட்டுப்பாட்டில் இல்லாதிருப்பதுதான் காரணம் என்று பிராண்ட் முடிவு செய்தார். அணைக்க முடிந்த வலி வலியே அல்ல. எச்சரிக்கை மட்டும் போதாது, அது துன்பமாகவும் இருக்க வேண்டும்.

அவருக்கே நேர்ந்த ஓர் இரவையும் அவர் எழுதியிருக்கிறார். அமெரிக்காவிலிருந்து கப்பலில் இங்கிலாந்து வந்து, நீண்ட இரயில் பயணத்துக்குப் பின் காலுறையைக் கழற்றியபோது குதிகாலில் உணர்வில்லை. ஊசியால் குத்தினார், வலிக்கவில்லை. தொழுநோய் வந்துவிட்டது என்று முடிவு செய்து இரவு முழுவதும் தூங்கவில்லை. குடும்பத்தை விட்டுப் பிரிவது, அறுவையைக் கைவிடுவது வரை நினைத்துவிட்டார். விடிந்ததும் மறுபடி ஊசியைக் குத்தினார். கத்தும் அளவுக்கு வலித்தது. இரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்ததில் நரம்பு அழுந்தியிருந்தது, அவ்வளவுதான்.

வலியும் மனமும்

1993இல் ஃபிலிப் யான்சியுடன் சேர்ந்து எழுதிய நூல், வலியை யாரும் விரும்பாத கொடை என்று தலைப்பிலேயே அழைத்தது. அதில் பிராண்ட் வலியை மூன்று கட்டமாகப் பிரிக்கிறார். புண்பட்ட இடத்திலிருந்து எழும் குறி, தண்டுவடத்தில் வடிகட்டப்பட்டு மேலே போகும் செய்தி, மூளை தரும் பதில். இரண்டாம் கட்டம் 1965இல் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த ‘கதவு’ கோட்பாட்டோடு ஒத்துப்போவது. எல்லாக் குறிகளும் மூளைக்குப் போவதில்லை, தண்டுவடத்தில் ஒரு கதவு திறந்தும் மூடியும் அவற்றைக் கட்டுப்படுத்துகிறது, மூளையிலிருந்து இறங்கி வரும் கட்டளையும் அந்தக் கதவை அசைக்கும் என்பது அந்தக் கோட்பாடு. இடித்த முழங்காலை நாம் உடனே தேய்ப்பது ஏன் இதம் தருகிறது என்பதற்கு அதில் விளக்கம் உண்டு.

மூன்றாம் கட்டத்தில்தான் பிராண்டின் அழுத்தம். ஒரே அளவு புண் இரண்டு பேருக்கு ஒரே அளவு வலிப்பதில்லை. போரில் படுகாயமுற்ற வீரர்களில் பலர் மார்ஃபின் கேட்கவில்லை என்று ஹென்றி பீச்சர் என்ற மயக்க மருத்துவர் 1946இல் எழுதியிருந்தார். அவர்களுக்குக் காயம் என்றால் வீடு திரும்புதல். வலியைப் பெருக்குபவை ஐந்து என்று பிராண்ட் பட்டியலிடுகிறார்: அச்சம், கோபம், குற்றவுணர்வு, தனிமை, கையறுநிலை. மருந்துக்கு முன்னால் இவற்றைத் தணிக்க வேண்டும் என்பது அவர் வாதம். அமெரிக்கச் சமூகம் வலியைக் கேட்பதற்கு முன்பே அதன் வாயை அடைக்கிறது, ஆகவே வசதி கூடக் கூட வலி தாங்கும் திறன் குறைகிறது என்று அவர் குறை சொன்னார். இந்தியக் கிராமத்து மனிதர்கள் வலியை எதிர்பார்த்து, குடும்பம் சூழ இருந்து, அதைத் தாங்கினார்கள் என்று ஒப்பிட்டார்.

இதே காலத்தில் நியூயார்க்கில் இன்னொரு மருத்துவர் இதைவிடக் கடுமையான கருத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஜான் சார்னோ (1923–2017), ரஸ்க் மறுவாழ்வு நிலையத்தில் 1965இல் சேர்ந்தவர். அந்த நிலையத்துக்கும் வேலூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்த மேரி வர்கீஸ், 1960களின் தொடக்கத்தில் அங்குதான் மறுவாழ்வு மருத்துவம் பயின்றார். திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறையைக் கட்டியெழுப்பினார். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார். அறுவை மேசைக்கு அவரைத் திரும்ப அழைத்து வந்தவர்களில் பிராண்ட் முக்கியமானவர்.

சார்னோ சொன்னது இது: நாள்பட்ட முதுகுவலியில் பெரும்பகுதி தேய்ந்த தட்டால் வருவதல்ல, அடக்கிவைத்த கோபத்திலிருந்து கவனத்தைத் திருப்ப மூளை தசைகளுக்கு இரத்தத்தைக் குறைத்து வலியை உண்டாக்குகிறது. நோயாளி இதைப் புரிந்துகொண்டு, உடற்பயிற்சி, பட்டை எல்லாவற்றையும் விட்டு, இயல்பாக நடமாடத் தொடங்கினால் வலி போகும். 1991இல் வெளிவந்த அவர் நூல் பெரும் வாசகர்களைப் பெற்றது, குணமானதாகச் சொன்னவர்களும் ஏராளம். ஆனால் ஒப்பீட்டுக் குழு வைத்த சோதனைகளை அவர் நடத்தவில்லை. இரத்தம் குறைவது பற்றிய விளக்கத்துக்குப் போதிய சான்று இல்லை. மருத்துவ உலகம் அவரை ஏற்கவில்லை.

ஆனால் அவருக்குச் சாதகமான செய்திகளும் பின்னர் வந்தன. முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த 1994ஆம் ஆண்டு ஆய்வில், 52 விழுக்காட்டினருக்குக் குறைந்தது ஒரு தட்டாவது புடைத்திருந்தது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமல்ல என்பது இதனால் உறுதியானது. 2021இல் வெளியான இன்னோர் ஆய்வு, நாள்பட்ட முதுகுவலி உள்ள 151 பேரை மூன்று குழுவாகப் பிரித்தது. வலி என்பது மூளை தவறாக அடிக்கும் எச்சரிக்கை மணி என்று பயிற்றுவிக்கப்பட்ட குழுவில் 66 விழுக்காட்டினர் வலி இல்லாத அல்லது ஏறக்குறைய இல்லாத நிலையை அடைந்தார்கள். போலி ஊசி பெற்றவர்களில் 20, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 10 விழுக்காடு. ஒரே ஆய்வை வைத்து எல்லாம் முடிந்தது என்று சொல்ல முடியாது. பங்கேற்றவர்களின் வலியும் மிதமானதுதான். இருந்தாலும் மனத்தைத் தள்ளிவைத்து முதுகுவலியைப் பேச இனி இடமில்லை.

பிராண்ட் சார்னோ அல்ல. வலிக்கு உடலில் காரணமில்லை என்று அவர் சொன்னதில்லை. காரணத்தைத் தேடு, விரலை விரலாகப் பார் என்பதுதான் அவர் வாழ்நாள் முறை. சார்னோ எச்சரிக்கை மணியைப் பொய் என்றார், பிராண்ட் அதை மெய் என்றார். இருவரும் சந்திக்கும் இடம் ஒன்றுதான்: மணி எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைத் தீர்மானிப்பது மனம்.

எதிர்வாதங்கள்

பிராண்டின் கருத்துக்கு வலுவான மறுப்பு தொழுநோயிலிருந்தே வருகிறது. உணர்விழந்த கையில் வலி இல்லை என்பது முழு உண்மை அல்ல. தொழுநோய் எதிர்வினையின்போது நரம்பு அழற்சியால் தாங்க முடியாத வலி வரும். சிகிச்சை முடிந்து கிருமி ஒழிந்து ஆண்டுகள் ஆனபின்னும் சிலருக்கு நரம்பு வலி எரிச்சலாகவும் குடைச்சலாகவும் நீடிப்பது பிற்கால ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஊசி குத்தினால் தெரியாத அதே கை இரவில் எரியும். இந்த வலி எதையும் எச்சரிப்பதில்லை, எதையும் காப்பதில்லை. கொடை என்ற சொல் இங்கே பொருந்தாது. புண் ஆறியபின்னும் நிற்காத வலி ஒரு தனி நோய் என்பது இன்றைய மருத்துவத்தின் நிலை.

இரண்டாவது மறுப்பு நாட்டைப் பற்றியது. வலி மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கும் சமூகத்துக்கு பிராண்ட் சொன்ன எச்சரிக்கை, அமெரிக்காவில் ஓபியாய்டு பழக்கம் பேரழிவாக மாறியபின் தீர்க்கதரிசனமாகத் தோன்றியது. இந்தியாவில் நிலைமை தலைகீழ். 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் புற்றுநோயாளிகளுக்குக்கூட மார்ஃபின் கிடைப்பது அரிதானது. சட்டம் தளர்த்தப்பட 2014 வரை ஆனது. பிராண்டின் நூல் வந்த அதே 1993இல்தான் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கம் தொடங்கி, வீட்டில் முனகிக் கிடந்தவர்களுக்கு மார்ஃபின் கொண்டு சேர்த்தது. வலியின் பெருமையைப் பேசுவதற்கு முன் வலிநிவாரணி கைக்கெட்ட வேண்டும். இந்தியக் கிராமத்தார் பொறுமையாகத் தாங்கினார்கள் என்ற ஒப்பீட்டிலும் ஒரு குறை தெரிகிறது. புலம்பாமல் இருந்தவர்களில் எத்தனை பேர் கேட்க ஆளில்லாமல் இருந்தார்கள் என்று யாரும் எண்ணவில்லை.

மூன்றாவது, இந்த வட்டாரத்துக்கே உரிய கேள்வி. ஷூ கம்பெனியில் நாள் முழுவதும் குனிந்து அப்பர் தைக்கும் பெண்ணின் கழுத்து வலியும், டேனரியில் ஈரத்தோலைத் தூக்கி டிரம்மில் போடும் ஆளின் இடுப்பு வலியும் இங்கே அன்றாடப் பேச்சு. ‘எல்லாம் மனசுதான் காரணம்’ என்று ஒரு மருத்துவர் சொன்னால் அது அவர்கள் காதில் ‘நீ நடிக்கிறாய்’ என்றே விழும். நாற்காலியின் உயரத்தையும் மேசையின் உயரத்தையும் மாற்ற வேண்டிய முதலாளிக்கு அது வசதியான பதிலும்கூட. பிராண்டைக் கவனமாகப் படித்தால் அவர் முறை இதற்கு நேர்மாறானது. ஆயிரம் முறை திரும்பத் திரும்ப விழும் மிதமான அழுத்தம் திசுவைக் கெடுக்கும் என்று காட்டியவர் அவர்தான். தையல் மேசையில் நடப்பதும் அதுவே. அவர் பட்டியலின் கடைசிச் சொல்லான கையறுநிலையையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வலித்தால் ஐந்து நிமிடம் எழுந்து நிற்க அனுமதி உள்ளவளுக்கும், எழுந்தால் கூலி போகும் என்று அஞ்சுபவளுக்கும் ஒரே கழுத்து ஒரே அளவில் வலிக்காது. மனம் என்று நாம் சொல்வதில் வேலையிடமும் அடங்கியிருக்கிறது.

பிந்தைய ஆண்டுகள்

கார்வில்லில் இருபது ஆண்டுகள் பணியாற்றி 1986இல் ஓய்வு பெற்ற பிராண்ட், சியாட்டில் நகரில் குடியேறி வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் எலும்பியல் பேராசிரியராகத் தொடர்பு வைத்திருந்தார். கையின் இயக்கவியல் பற்றி 1985இல் அவர் வெளியிட்ட நூல் கை அறுவை மருத்துவர்களிடையே இன்றும் மதிக்கப்படுகிறது. ஆறு பிள்ளைகள். 2003 ஜூலை 8 அன்று, எண்பத்தொன்பது வயது நிறைய ஒன்பது நாள் இருக்கையில் மறைந்தார்.

கரிகிரி மருத்துவமனை இப்போது ஷிஃபெலின் நலவாழ்வு ஆராய்ச்சி மற்றும் தொழுநோய் மையம் என்ற பெயரில் இயங்குகிறது. அங்கே செருப்புப் பிரிவும் இருக்கிறது. அளவெடுக்க வருபவர்களில் சர்க்கரை நோயாளிகளும் உண்டு.